கல்லும் ஓதமும்: இங்கிலாந்துப் பண்ணைவீடுகள் வழியே

நாள் 1: ஹவுண்ட் டோர், டார்ட்மூர்

கல் வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கூரை இல்லாத வீட்டைப் பார்ப்பது நல்லது. முழுதாக நிற்கும் வீட்டில் பல தலைமுறைப் பூச்சும் தடுப்பும் மாடிப்படியும் சேர்ந்து மூல அமைப்பை மறைத்துவிடும். டெவனில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஹவுண்ட் டோர் என்ற கைவிடப்பட்ட ஊரில் அந்தத் தொல்லை இல்லை. 13ஆம் நூற்றாண்டுக் கருங்கல் வீடுகளின் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் நிற்கின்றன, உள்ளே புல். வாசல் எது, அடுப்பு எது, மாடு கட்டிய இடம் எது என்று நடந்தே தெரிந்துகொள்ளலாம். 1960களில் அகழாய்வு செய்த இடம். கட்டணம் கிடையாது, எந்நேரமும் போகலாம். கார் நிறுத்தத்திலிருந்து பாறைக்குன்றைத் தாண்டி மறுபக்கம் இறங்க இருபது நிமிடம் ஆகும். ரயிலில் வருகிறவர்களுக்கு நியூட்டன் ஆபட் வசதியான நிலையம். அங்கிருந்து வாடகைக் கார்தான் உத்தமம். பேருந்தை நம்பினால் அரை நாள் போய்விடும்.

பயணம் முழுக்க ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம்: இந்த வீட்டின் மேல் மழை விழுந்தால் அது எந்த வழியாக வெளியே போகிறது? இங்கிலாந்தின் கல் பண்ணைவீட்டில் அழகு என்று நாம் படம் பிடிப்பதில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஹவுண்ட் டோரில் இருப்பவை ‘லாங்ஹவுஸ்’ வகை. நீண்ட செவ்வகம், நீளம் சரிவின் போக்கிலேயே கிடக்கும். மேல்பாதியில் மனிதர், கீழ்ப்பாதியில் மாடு, இரண்டுக்கும் நடுவே எதிரெதிர் வாசல்களை இணைக்கும் குறுக்கு நடை. ஆளும் மாடும் நுழைவது ஒரே வாசலில். தொழுவத்தின் நடுவே கல் பாவிய வடிகால் ஓடி, கீழ்ச்சுவரில் ஒரு துளை வழியே வெளியேறும். சாணமும் மூத்திரமும் மனிதர் பக்கம் திரும்பாமல் போவதற்குச் சரிவு உதவுகிறது என்பது வெளிப்படை. இன்னொரு காரணம் சட்டென்று கண்ணில் படாது. குன்றிலிருந்து இறங்கி வரும் மழைநீர் வீட்டின் குறுகலான மேல்சுவரில் மட்டும் மோதுகிறது. வீட்டைக் குறுக்கே வைத்திருந்தால் நீளமான பின்சுவர் முழுவதும் அந்தத் தண்ணீரில் ஊறும். மேல்முனை மண்ணைக் குடைந்து உட்கார்ந்திருப்பதால் ஓதம் அங்கேதான் அதிகம். அதனால் இப்படிப்பட்ட வீடுகளில் மேல்முனையைச் சுற்றி வளைவாக ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இரு பக்கமும் பிரித்து விடுவது வழக்கம்.

இதே திட்டம் கூரையோடும் உயிரோடும் இருப்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பவுண்ட்ஸ்கேட் அருகே ஹையர் அப்பாகாட் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு வீடு, வைக்கோல் கூரை, டார்ட்மூர் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கையில் பல ஆண்டுகள் இருந்தது. பெரும்பாலான லாங்ஹவுஸ்களில் தொழுவத்தைச் சமையலறையாகவோ வரவேற்பறையாகவோ மாற்றிவிட்டார்கள். இங்கே தொழுவம் தொழுவமாகவே இருக்கிறது, அதுதான் இதன் மதிப்பு. உள்ளே விடுகிறார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டார்ட்மூர்ச் சுவரில் கவனிக்க வேண்டியது கல்லில் இருக்கும் உளித்தடம். பழைய வீடுகளுக்குக் கல் வெட்டி எடுத்தவர்கள் யாருமில்லை. மேட்டில் சிதறிக் கிடந்த பாறையைப் பொறுக்கிப் பிளந்தார்கள். 1800 வரை நீளமான காடி வெட்டி ஆப்பு இறக்கிப் பிளப்பது முறை. அதற்குப் பிறகு வரிசையாக வட்டத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடு வைத்து நடுவே ஆப்பை அடித்தார்கள். ஆகவே கல்லின் விளிம்பில் வரிசையாக அரைவட்டத் தடம் தெரிந்தால் அந்தக் கல் 19ஆம் நூற்றாண்டில் அல்லது அதற்குப் பின் பிளந்தது. வாசல் நிலைக்கல்லில் இந்தத் தடம் இருந்தால், வீடு 1500ஐச் சேர்ந்தது என்று பலகை சொன்னாலும் வாசல் பின்னால் வைத்ததுதான்.

கருங்கல் தண்ணீர் குடிக்காது. அதனால் மழை நுழைவதெல்லாம் கல்லுக்கு நடுவே உள்ள சந்தில்தான். பழைய சுவரில் அந்தச் சந்தை மண்ணும் சுண்ணாம்பும் நிரப்பியிருக்கும். உள்ளே போன நீர் அதே வழியாகக் காய்ந்து வெளியே வந்துவிடும். சிமென்ட் வைத்து அடைத்தால் கல்லுக்கும் சிமென்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். அது நீரை உறிஞ்சி உள்ளே விடும், வெளியே விடாது. டார்ட்மூரில் உள்சுவர் பச்சை பிடித்த வீட்டைக் கண்டால் வெளியே போய்ச் சந்துகளைப் பாருங்கள். பெரும்பாலும் சாம்பல் நிறச் சிமென்டாக இருக்கும்.

நாள் 2: கிரேட் காக்ஸ்வெல், கெல்ம்ஸ்காட்

கருங்கல்லை விட்டு வடகிழக்கே வந்தால் கல்லின் குணமே மாறிவிடுகிறது. காட்ஸ்வோல்ட் பகுதி முழுக்க ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல். தேன் நிறம் முதல் சாம்பல் வரை. ஸ்விண்டன் ரயில் நிலையத்திலிருந்து காரில் வந்தால் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்தையும் கெல்ம்ஸ்காட் வீட்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். களஞ்சியத்தை முதலில் பாருங்கள்.

பியூலி மடத்தின் சிஸ்டர்சியன் துறவிகள் 1290களின் தொடக்கத்தில் கட்டிய தானியக் களஞ்சியம் இது. நீளம் 45 மீட்டரை ஒட்டி, முகட்டின் உயரம் சுமார் 15 மீட்டர். உள்ளே இரண்டு வரிசை ஓக் தூண்கள். ஒவ்வொரு தூணும் ஆள் உயரக் கல் பீடத்தின் மேல் நிற்கிறது. ஓக் மரம் காற்றில் இருந்தால் நூற்றாண்டுகள் நிற்கும், ஈரத் தரையைத் தொட்டால் அடி இற்றுப்போகும். அந்தப் பீடம்தான் ஏழு நூற்றாண்டாக இந்தக் கூரையைக் காப்பாற்றி வருகிறது. கூரையின் பாரம் தூணில் இறங்குவதால் வெளிச்சுவர் அதைத் தாங்க வேண்டிய கட்டாயம் குறைவு. அதையும் மீறிச் சுவர் வெளியே சாயாமல் இருக்க வெளிப்புறம் முட்டுச்சுவர்கள் உண்டு.

அங்கிருந்து லெச்லேட் வழியாகக் கெல்ம்ஸ்காட். தேம்ஸ் ஆறு கூப்பிடு தூரத்தில். இன்று ‘மேனர்’ என்று பெயர் இருந்தாலும் இது சுமார் 1600இல் டர்னர் குடும்பம் கட்டிய பண்ணைவீடு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகிழக்கே ஒரு சிறகு சேர்த்தார்கள். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871இல் வாடகைக்கு எடுத்ததால் உலகப் புகழ் வந்தது. 1962 முதல் லண்டன் பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்தின் வசம். கோடை காலத்தில், வாரத்தில் சில நாட்கள் மட்டும் திறக்கிறார்கள். நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். பெரும்பாலானோர் மோரிஸின் திரைச்சீலைகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள், நாம் சுவரருகே நிற்போம். (தோட்டத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்காரும் கழிப்பிடம் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.)

சுவர் இரண்டு தோல் கொண்டது. வெளித்தோலில் முகம் பார்த்த கல், உள்தோலில் முரட்டுக்கல், நடுவே பொடிக்கல்லும் சுண்ணாம்பும் நிரப்பிய வயிறு. இந்த வட்டாரத்தில் மொத்த அகலம் 50 முதல் 60 சென்டிமீட்டர் என்பது வழக்கம். இரண்டு தோலையும் பிணைக்க ஆங்காங்கே குறுக்கே நீளமான கட்டுக்கல் ஓடும். சுண்ணாம்புக்கல் கடலடியில் படுகை படுகையாகப் படிந்தது. அது படிந்தபடியே படுக்க வைத்துக் கட்ட வேண்டும். படுகை வெளிமுகம் பார்க்க நிமிர்த்தி வைத்தால் உறைபனியில் தகடு தகடாக உரியும். கல்லின் முகம் உரிந்த இடத்தைப் பார்த்தால் கொத்தனார் சோம்பலா, சிமென்டா என்று கண்டுபிடிக்கலாம்: ஒரு கல் மட்டும் உரிந்திருந்தால் படுகை தப்பு, சந்தை ஒட்டி எல்லாக் கல்லும் குழிந்து, சந்து மட்டும் துருத்தி நின்றால் சிமென்ட்.

இந்தக் கல் தோண்டி எடுத்த புதிதில் ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும், காற்றுப் பட்டபின் மேற்பரப்பு இறுகும். அதனால்தான் இங்கே ஜன்னலுக்குக் கல்லிலேயே தண்டு செதுக்க முடிந்தது. இரண்டு, மூன்று, நான்கு பிரிவாக நிற்கும் கல் ஜன்னல்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஈயப் பட்டையில் கோத்த சிறு கண்ணாடித் துண்டுகள். இந்த வகை ஜன்னல்களின் தலைக்கு மேல் மூன்று பக்கமும் மடிந்து இறங்கும் கல் விளிம்பு ஒன்று இருக்கும். அலங்காரம் என்று நினைப்பார்கள். சுவரில் வழிந்து வரும் நீர் அதில் தட்டி, பக்கவாட்டில் போய், ஜன்னலின் இரு ஓரத்திலும் சொட்ட வேண்டும் என்பதற்காக வைத்தது. அதன் அடிப்புறத்தில் விரலை ஓட்டினால் ஒரு காடி தட்டுப்படும். நீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்குத் திரும்பாமல் அந்தக் காடியில் அறுந்து விழும். வெள்ளைப் பெயின்டோ பழைய பூச்சோ காடியை அடைத்துவிட்டால் ஜன்னலுக்கு மேல் கறை விழத் தொடங்கும்.

தரைக்கு வருவோம். இப்படிப்பட்ட வீடுகளில் கற்பலகைகளை மண்ணின் மேல் நேராகப் பாவியிருப்பார்கள். மண்ணின் ஈரம் பலகைச் சந்து வழியே மெல்ல மேலேறி அறைக் காற்றில் கலந்துவிடும். அடுப்பு எரிந்து புகைபோக்கி இழுக்கும் வீட்டில் அது பிரச்சினையே இல்லை. பலகையைப் பெயர்த்துவிட்டுப் பிளாஸ்டிக் தாளும் கான்கிரீட்டும் போட்டால், தரைக்கடியில் சிக்கிய ஈரம் ஓரமாக நகர்ந்து சுவருக்குள் ஏறுகிறது. அப்புறம் ‘சுவரில் ஓதம் ஏறுகிறது’ என்று துளை போட்டு ரசாயனம் செலுத்த ஆள் வருவார்கள். வயிறு முழுக்கப் பொடிக்கல்லும் வெற்றிடமும் உள்ள சுவரில் அந்தத் திரவம் தொடர்ச்சியான தடுப்பாக நிற்காது. காசு போனதுதான் மிச்சம்.

நாள் 3: ஸ்டோன்ஸ்ஃபீல்ட், கூரையும் காரையும்

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடமேற்கே, உட்ஸ்டாக் ஊரைத் தாண்டி ஸ்டோன்ஸ்ஃபீல்ட். ஊரில் சுற்றிப் பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் இந்த வட்டாரக் கூரைகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது. காட்ஸ்வோல்ட் கூரையில் இருப்பது உண்மையான ஸ்லேட் அல்ல. தகடாகப் பிளக்கும் சுண்ணாம்புக்கல். ஸ்டோன்ஸ்ஃபீல்டில் அதைச் சுரங்கத்திலிருந்து எடுத்தார்கள். பாளத்தை ஆள் உளியால் பிளக்க மாட்டார், பனி பிளக்கும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தோண்டி, வெட்டவெளியில் பரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைப்பார்கள். கடும் பனி இரவில் படுகைக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிய, பாளம் ஏடு ஏடாகப் பிரியும். ஒரு முறை உலர்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு நனைத்தாலும் பிளக்காது. அதனால் பனி வராத வருடங்களில் பாளத்தை மண்ணால் மூடி அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் நின்றது.

ஓர் இடைச்செருகல்: இந்தக் கூரைக்கல் சுரங்கங்களில் கிடைத்த தாடை எலும்பைத்தான் வில்லியம் பக்லண்ட் 1824இல் மெகலோசாரஸ் என்று விவரித்தார். அறிவியல் முறைப்படி பெயர் சூட்டப்பட்ட முதல் டைனோசர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இனி எந்த ஊரில் நின்றாலும் கூரையை அடியிலிருந்து மேலாக அண்ணாந்து பாருங்கள். இறவாரத்தில் 60 சென்டிமீட்டர் நீளப் பலகைகள். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டருகே கையளவு. மீன் செதிலைப் போல் இருக்கிறது என்று ரசிக்கலாம், ஆனால் கணக்கு வேறு. முழுக் கூரையின் நீரும் இறவாரத்தைக் கடக்கிறது. அங்கே பலகை பெரிதாக இருந்தால் சந்து குறைவு. பெரிய பாரம் சுவரின் தலையில் நேராக உட்காரும். பிளந்து வந்த சின்னத் துண்டும் வீணாகாது. கூரைக்காரர்கள் ஒவ்வோர் அளவுக்கும் பெயர் வைத்திருந்தார்கள்: காக்ஸ், பேச்சலர், நைன், சிக்ஸ்டீன் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் ஒரு தனி வாய்ப்பாடு.

பலகையின் தலையில் ஒரு துளை, அதில் ஓக் மர ஆணி. ஆணி ரீப்பரில் தொங்கும். ரீப்பர் இடைவெளிக்கான கணக்கு எளிது. துளையிலிருந்து அடிவிளிம்பு வரை அளந்து, அதில் மேற்பொருத்தை (ஒரு பலகை தனக்கு இரண்டு வரிசை கீழே உள்ள பலகையின் துளையைத் தாண்டி மூடும் நீளம்) கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். 600 மில்லிமீட்டர் பலகைக்கு 75 மில்லிமீட்டர் மேற்பொருத்து என்றால் இடைவெளி 262. முகட்டருகே 200 மில்லிமீட்டர் பலகைக்கு வெறும் 62. ஆக, கூரை முழுக்க ஒரே இடைவெளியில் ரீப்பர் அடித்துவிட்டு வேலையைத் தொடங்க முடியாது; முதலில் பலகைகளைத் தரையில் நீளவாரியாகப் பிரித்து, எத்தனை வரிசை வரும் என்று எண்ணிய பிறகே ரீப்பர். அவசரக் குத்தகைக்காரர் தவறுவது இங்கேதான். மேற்பொருத்து குறைந்தால் காற்றோடு வரும் மழை இரண்டாம் அடுக்கைத் தாண்டி உள்ளே சொட்டும். பக்கவாட்டுச் சந்தும் கீழ் வரிசைப் பலகையின் நடுப்பகுதியில் விழ வேண்டும், சந்துக்கு மேல் சந்து வரக் கூடாது.

கூரைச் சரிவு இங்கே 50 பாகையை ஒட்டி இருக்கும். பலகை சிறியது, மேடுபள்ளமானது, நீரைக் கொஞ்சம் குடிக்கவும் செய்யும்; ஆகவே நீர் தேங்காமல் ஓட வேண்டும். எடையோ சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தொடும். இரண்டு சரிவு சந்திக்கும் கூடுவாயில் ஈயத் தகடு கிடையாது. பலகைகளையே வளைவாகச் சுழற்றி அடுக்கிக் கொண்டுபோவார்கள். கூரை வேலையில் கை தேர்ந்தவரா என்று பார்க்க அந்த ஒரு மூலை போதும்.

கெடுவது எப்படி? பலகை அல்ல, ஆணியும் ரீப்பரும்தான் முதலில் போகும். மர ஆணி இற்று ஒரு பலகை வழுக்கும். அதன் கீழே உள்ள ரீப்பர் நனையும். பிறகு ஒரு வரிசையே இறங்கும். இதைத் தடுக்கப் பலகைகளின் அடிப்புறம் முழுக்க சிமென்ட் அப்புவது மோசமான வைத்தியம். காற்றோட்டம் நின்று மரம் புழுங்கி இற்றுவிடும், பலகையை மறுபடி கழற்றவும் முடியாது. பழைய முறையில் அடிப்புறச் சந்தில் முடி கலந்த சுண்ணாம்பை இழுப்பார்கள். கூரையைப் பிரிக்கும் முன் வௌவால் இருக்கிறதா என்று ஆய்வு செய்தாக வேண்டும். பிரிட்டனில் எல்லா வௌவாலினமும் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தால் அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது குற்ற வழக்கு.

மாலையில் சந்துப் பூச்சு. சுண்ணாம்பு வேலைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். 5 பாகை செல்சியஸுக்குக் கீழே தொடவே கூடாது. பழைய காரையை உளியும் சுத்தியும் வைத்துக் கையால் எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் கல்லின் விளிம்பை அறுத்துவிடும், அந்தத் தழும்பு பிறகு மறையாது. ஆழம் சந்து அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர். சிமென்ட் கல்லோடு ஒட்டிப்போய் எடுத்தால் கல் சிதறும் என்றால் விட்டுவிடுவது புத்திசாலித்தனம். தூசியைக் கழுவி, சந்தை நனைக்கவும். கலவை ஒரு பங்கு சுண்ணாம்புக்குச் சுமார் மூன்று பங்கு, பொடியும் குருணையும் கலந்த கூரான மணல். மென்மையான காட்ஸ்வோல்ட் கல்லுக்கு நீற்றிய சுண்ணாம்புக் களி அல்லது வலு குறைந்த இயற்கை நீரிறுகு சுண்ணாம்பு (தண்ணீரோடு சேர்ந்தே இறுகும் வகை). வலு கூடினால் நல்லது என்ற எண்ணம் இங்கே தப்பு, காரை எப்போதும் கல்லைவிடச் சற்று பலவீனமாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் தேய்வது காரையாக இருக்கும், கல்லாக இருக்காது.

கலவை உருண்டை பிடிக்கும் பதத்தில் கெட்டியாக இருக்கட்டும். 20 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தரத்தில் திணிக்கக் கூடாது. ஆழமான சந்தில் சிறு கல்துண்டுகளைச் செருகிக் கொள்ளலாம். கல்லின் முகத்துக்குச் சமமாகவோ சற்று உள்ளேயோ முடிக்க வேண்டும். துருத்தி நிற்கும் பட்டைச் சந்து நீரைத் தாங்கிக் கல்லில் விடும் படிக்கட்டு. காரை விரல்நகம் பதியும் அளவுக்கு இறுகியதும் முரட்டு பிரஷ்ஷால் தட்டினால் மேல்பால் போய் மணல் தெரியும், உலரும் பரப்பும் கூடும். பிறகு ஈரச் சாக்கு. குறைந்தது ஒரு வாரம் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்த சுண்ணாம்பு விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டும்.

இவ்வளவும் செய்யும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு: மழைநீர்த் தூம்பு உடைந்திருக்கிறதா, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா. வெளிமண் உள்தரைக்கு 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். பூச்செடி போட்டுப் போட்டே தரையை உயர்த்திவிடுகிறார்கள்.

மோரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். கெல்ம்ஸ்காட்டுக்குப் பக்கத்தில் பர்ஃபோர்டு தேவாலயத்தைப் ‘புதுப்பிக்கிறேன்’ என்று சுரண்டியதைக் கண்ட கோபமும் அதில் உண்டு. சுரண்டாதே, மாற்றாதே, ஒழுகுமிடத்தை மட்டும் அன்றன்றைக்குச் சரிசெய் என்பது சங்கத்தின் அடிப்படை நிலைப்பாடு. சுண்ணாம்பு வேலை இங்கே செத்துப்போகாமல் இருப்பதற்கு அந்தச் சங்கத்தின் பயிற்சிகளும் ஒரு காரணம்.

நாள் 4: டவுன்எண்ட், ட்ரௌட்பெக்

இங்கிலாந்தின் வடமேற்கே மலையும் ஏரியும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட். விண்டர்மியர் ரயில் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர். நடந்தே வரலாம், ஏற்றம்தான். டவுன்எண்ட் 1626இல் எழுந்த வீடு. பிரவுன் குடும்பம் 1943 வரை இங்கேயே வாழ்ந்தது. இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியக் காப்பு அமைப்பு பராமரிக்கிறது. பிரபுக்களும் இல்லை, குத்தகைக் கூலிகளும் இல்லை. சொந்தக் காணி வைத்திருந்த வசதியான உழவர்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, ஆகவே மேகமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

காட்ஸ்வோல்டைப் பார்த்த கண்ணுக்கு இந்த வீடு கல் வீடாகவே தெரியாது; வெள்ளையடித்த மண் வீடோ என்று தோன்றும். இங்கே கிடைப்பது ஸ்லேட்டும் எரிமலைப் பாறையும். இரண்டும் சதுரமாகச் செதுக்க இடம் கொடுக்காது. அதனால் கிடைத்த வடிவத்தில் அடுக்கிய முரட்டுச் சுவர், அதன்மேல் சிறு கூழாங்கல் கலந்த சுண்ணாம்பை விசிறி எறிந்த பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. விசிறிய பூச்சின் சொரசொரப்பு வீணில்லை. பரப்பு கூடுவதால் வேகமாக உலரும். வெள்ளையை நீர்க்கப் பல தரம் அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே தரம் அடித்தால் ஏடாக உரியும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த வீடுகளில் மழைக்காலம் முடிந்ததும் தோலுக்குள் நீர் கொப்பளிப்பதைப் பார்க்கலாம்.

ஜன்னல் தண்டுகளும் இங்கே ஓக் மரம். கல் செதுக்க வராத ஊரில் தச்சர் கை ஓங்கியிருப்பது இயல்பு. புகைபோக்கி உருண்டை, சதுரப் புகைபோக்கிக்கு நான்கு நல்ல மூலைக்கல் வேண்டும், உருண்டைக்கு மூலையே இல்லை. முகட்டைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்தின் பழைய கூரைகளில் ஒரு வித்தையைத் தேடிப் பாருங்கள்: இரு சரிவின் உச்சிப் பலகைகளிலும் வெட்டுக் கொடுத்து ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பார்கள். முகட்டுக்கல்லே தேவைப்படாது. மல்யுத்தக்காரர்கள் என்று அந்தப் பலகைக்கு உள்ளூர்ப் பெயர்.

திட்டத்தில் டார்ட்மூரின் உறவு தெரிகிறது. குறுக்கு நடை இருக்கிறது. ஒரு பக்கம் அடுப்புள்ள பெரிய கூடம், மறுபக்கம் சமையலும் துவைப்பும் நடந்த வேலைக்கூடம். மாடு மட்டும் வெளியேறிவிட்டது. கூடத்தைத் தடுக்கும் மரச்சுவரிலேயே செதுக்கு வேலையோடு அலமாரி. ஓட்ஸ் மாவில் சுட்ட மெல்லிய ரொட்டியை மாதக்கணக்கில் வைத்திருந்த இடம். ஈரமான நாட்டில் ரொட்டி பூசணம் பிடிக்காமல் இருக்க அடுப்புக்கு அருகே வைத்தார்கள். மரவேலையில் கணிசமானது 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பிரவுன் தன் கையால் செதுக்கியது. பழையதும் அவருடையதும் கலந்தே இருப்பதால், செதுக்கிய தேதியை நம்பி வயதைத் தீர்மானிக்க வேண்டாம்.

சாலைக்கு எதிர்ப்புறம் 1666ஆம் ஆண்டுக் களஞ்சியம். வெளியிலிருந்தே பார்க்கலாம். சரிவில் கட்டிய இரண்டடுக்கு: மேட்டுப் பக்கத்திலிருந்து வண்டி நேராக மேல்தளத்துக்குள் ஓடும், வைக்கோலும் தானியமும் அங்கே, பள்ளத்துப் பக்கத்திலிருந்து கீழ்த்தளத் தொழுவத்துக்குள் மாடு நுழையும். தீவனம் மேலிருந்து கீழே தள்ளினால் போதும், யாரும் தூக்க வேண்டாம்.

நாள் 5: ஸ்வேல்டேல்

யார்க்ஷயர் டேல்ஸில் மியூக்கரிலிருந்து கன்னர்சைடு வரை நடை. இங்கே வீட்டைவிடக் களஞ்சியம் முக்கியம். ஏறக்குறைய வயலுக்கு ஒன்று. அறுத்துக் காயவைத்த புல்லை ஊருக்குத் தூக்கி வராமல் வயலிலேயே சேர்த்து, நான்கைந்து மாட்டைக் குளிர்காலம் முழுக்க அங்கேயே கட்டி, எருவையும் அதே வயலில் பரப்பினார்கள்.

சுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள் ஏணிப்படி இல்லை. கெல்ம்ஸ்காட்டில் சுவருக்குள் ஒளிந்திருந்த அதே கட்டுக்கல்தான். இங்கே நறுக்காமல் விட்டுவிட்டார்கள். கூரைக்கு மணற்கல் பலகைகள், காட்ஸ்வோல்டைவிடப் பெரியவை, கனமானவை. சரிவு 30 பாகையை ஒட்டித்தான். இதைவிடச் செங்குத்தாக வைத்தால் அந்த எடையை மர ஆணி தாங்காது, பலகை பெரிதாக இருப்பதால் செங்குத்து தேவையும் இல்லை. பனித்தூள் சந்தில் நுழையாமல் இருக்கப் பாசியைத் திணித்தார்கள்.

கைவிட்ட களஞ்சியங்கள் இங்கே நிறைய. வெவ்வேறு கட்டத்தில் இருப்பதால் ஒரே நடையில் முழுச் சாவையும் படிக்கலாம். முதலில் இறவாரத்தில் ஒரு பலகை நழுவும். மழை நேராகச் சுவரின் தலையில் இறங்கி, நடு வயிற்றின் மண்ணைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். வயிற்றில் இறங்கிய பொடிக்கல் ஆப்பு மாதிரி இரு தோலையும் பிரிக்கும். கட்டுக்கல் இருக்கும் வரிசை அசையாது. இரண்டு வரிசைக்கும் நடுவே வெளித்தோல் உப்பும். உப்பிய இடத்தில் கையை வைத்து, அதற்கு நேர் மேலே கூரையைப் பாருங்கள்: ஓட்டை அங்கேதான் இருக்கும். அடுத்து கைமரத்தின் முனை இற்று, கூரை ஒரு பக்கமாக உட்காரும். பலகைகள் விழுந்து மூலைச்சுவர்கள் மட்டும் நிற்கும் கட்டத்தில் யாராவது வந்து கூரைப் பலகைகளை எடுத்துப் போயிருப்பார்கள், பழைய பலகைக்கு அவ்வளவு கிராக்கி. வாங்குகிறவர்கள் எந்தக் கூரையிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

உள்ளே நுழையாதீர்கள், கூரை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, தனியார் சொத்தும்கூட. ஜூன் மாதம் புல் அறுக்கும் முன் புல்வெளிகள் பூத்துக் கிடக்கும், அப்போது கற்பலகை பாவிய பாதையில் ஒருவர் பின் ஒருவராக மட்டும் நடக்க வேண்டும். மிதித்த புல்லை அறுக்க முடியாது. மியூக்கரிலிருந்து ரிச்மண்டுக்குப் பேருந்து நாளுக்குச் சில நடைதான். ரிச்மண்டில் ரயில் கிடையாது, டார்லிங்டன் போக வேண்டும். நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.